ஏரியில் மரப்படகுக் கூடல்: வாசகர் கேள்வி – பதில்

மரப்படகு வைத்திருப்பவர்கள் ஒரு நாள் ஏரிக்கரையில் கூடிப் படகு விடுவது பற்றிப் பல கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வட்டத்தில் பதினைந்து பேரிடம் மரப்படகு இருக்கிறது. போட்டி, பரிசு எதுவும் வேண்டாம். சும்மா கூடி, ஒருவர் படகை இன்னொருவர் ஓட்டிப் பார்த்தால் போதும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: படகு இறக்கும் சாய்தளத்திலிருந்து. ஏரி எவ்வளவு அழகாக இருந்தாலும், இறக்குமிடம் சரியில்லை என்றால் பாதி நாள் வரிசையில் நின்றே போய்விடும். எல்லாம் தயாராக உள்ள படகை டிரெய்லரிலிருந்து இறக்கிவிட்டு வண்டி மேலேற ஐந்தாறு நிமிடம் போதும். தயாராகாத படகுக்கு இருபது நிமிடம் ஆகும். பத்து டிரெய்லர் வந்தால், முதல் வகையில் ஒரு மணி நேரத்தில் எல்லோரும் தண்ணீரில் இருப்பார்கள். இரண்டாம் வகையில் மூன்று மணி நேரம் தாண்டும்.

அந்த இடத்தை முன்னதாகவே போய்ப் பாருங்கள். 100 மீட்டருக்கு 12 முதல் 15 மீட்டர் இறங்கும் சரிவு வசதியானது. அதைவிடத் தட்டையாக இருந்தால் படகு மிதப்பதற்குள் வண்டியின் பின்சக்கரம் தண்ணீருக்குள் போய்விடும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பாசியில் சக்கரம் வழுக்கும். பலர் பார்க்க மறப்பது, கான்கிரீட் தண்ணீருக்கடியில் எங்கே முடிகிறது என்பதை. மோட்டார் படகுகளை எஞ்சின் விசையிலேயே டிரெய்லரில் ஏற்றுகிற இடங்களில், புரொப்பெல்லர் தள்ளும் நீர் கான்கிரீட் விளிம்புக்கு அப்பால் மண்ணை அரித்துப் பள்ளம் பறித்திருக்கும். டிரெய்லர் சக்கரம் அதில் இறங்கினால் அச்சு கான்கிரீட் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். வண்டியால் இழுத்தாலும் வராது. நீளமான கழியால் குத்தி ஆழம் பாருங்கள். கூடல் நாளில் நீர்மட்டம் இன்னும் குறைந்திருக்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்து கரை. ஒரு படகு சராசரியாக ஒன்றரை மீட்டர் அகலம், பக்கத்துப் படகோடு ஒரு மீட்டர் இடைவெளி. பதினைந்து படகுக்குக் கிட்டத்தட்ட 40 மீட்டர் மணலோ புல்லோ வேண்டும். கூர்ங்கல் கரை வேண்டாம். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 12 மீட்டர் நீளம் வரும் என்று வைத்து நிறுத்துமிடம் பாருங்கள். கழிப்பறை, நிழல், குடிநீர் பற்றி நாங்கள் சொல்லத் தேவையில்லை.

ஏரியை நிர்வகிப்பவரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கூட்டமாக வர அனுமதி வேண்டுமா, ஆபத்தில் உதவ நாம் நிறுத்தும் காவல் படகுக்கு மோட்டார் வைக்கலாமா, விபத்துக் காப்பீடு கேட்பார்களா. இதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஒதுக்குங்கள். மாற்றுத் தேதி ஒன்றையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நிகழ்ச்சி நிரல் வேண்டுமா?

பதில்: இரண்டு நேரம் போதும். காலையில் கரையில் எல்லோரும் கூடும் நேரம், மாலையில் எல்லாப் படகும் கரைக்கு வந்துவிட வேண்டிய நேரம். நடுவில் எதையும் திணிக்காதீர்கள்.

கேள்வி: படகு இறக்கும்போதுதான் எப்போதும் சத்தமும் சண்டையும். ஒழுங்காக நடத்த வழி?

பதில்: சாய்தளத்தில் நின்றுகொண்டு படகைத் தயார் செய்வதுதான் சண்டைக்கு மூலம். மேலே, சாய்தளத்திலிருந்து தள்ளி, ஒரு ஆயத்த இடம் குறித்துவிடுங்கள். டிரெய்லரில் வருபவர் முதலில் அங்கே நிற்க வேண்டும். பயண பெல்ட்டுகளைக் கழற்றுவது, அடித்துளைத் தக்கையை மாட்டி இறுக்குவது, துடுப்பு, இறைகுவளை, லைஃப் ஜாக்கெட்டைப் படகுக்குள் வைப்பது, அணியத்திலும் (முன்முனை) அமரத்திலும் (பின்முனை) ஒவ்வொரு கயிறு கட்டுவது, டிரெய்லர் விளக்கின் பிளக்கைப் பிடுங்குவது எல்லாம் அங்கேதான். வின்ச் பெல்ட்டை மட்டும் அங்கே தொடக்கூடாது. அணியத்தைப் பிடித்திருக்கும் அந்த ஒரு பெல்ட்டையும் மேட்டிலேயே கழற்றிவிட்டு இறங்கினால், உருளைகள் மேல் இருக்கும் படகு தானாகப் பின்னால் வழுக்கிக் கான்கிரீட்டில் விழும். படகின் அடி தண்ணீரைத் தொட்ட பிறகுதான் அதை விடுவிக்க வேண்டும்.

பாய்மரத்தை ஆயத்த இடத்திலேயே நிறுத்துபவர்கள், அங்கிருந்து நீர் வரைக்கும் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மரத்தைப் படுக்க வைத்தே கொண்டுபோய், நீரில் இறக்கிய பின் நிறுத்துங்கள். அலுமினியப் பாய்மரம் கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்பதில்லை. ஈர மரமும் மின்சாரத்தைக் கடத்தும்.

தொலைவிலிருந்து வருபவர்களுக்கு ஒரு விஷயம். ஓடிவந்த டிரெய்லரின் சக்கரக் குடம் சூடாக இருக்கும். அதை அப்படியே குளிர்ந்த நீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த சில பயணங்களில் பேரிங் துருப்பிடித்துப் போகும். குடத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடு அடங்கும்வரை காத்திருங்கள்.

சாய்தளத்தில் மூன்று பேர் இருந்தால் போதும். ஒருவர் ஓட்டுநருக்குச் சைகை காட்டுவார், ஒருவர் படகின் கயிற்றைப் பிடிப்பார், மூன்றாமவர் இறங்கிய படகைக் கரையோரமாக நடத்திக்கொண்டு போவார். சைகை காட்டுபவர் ஒரே ஒருவராக இருக்கட்டும். "நிறுத்து" என்று யார் கத்தினாலும் வண்டி நிற்க வேண்டும். "வா வா" என்று மட்டும் அவர் ஒருவரே சொல்லலாம்.

கேள்வி: எட்டு மாதமாகக் கொட்டகையில் கிடந்த படகு. பலகை இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. கூடலுக்குக் கொண்டுவர முடியுமா? இடுக்கில் பட்டி பார்த்துவிட்டால் போதும் என்கிறார் ஒரு நண்பர்.

பதில்: நண்பர் சொன்னதைச் செய்யாதீர்கள். முதலில் உங்கள் படகு எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து அடித்து, இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து போட்ட படகு என்றால், காய்ந்தபோது இடுக்கு விரிவது இயல்பு. தண்ணீர் பட்டால் பலகை ஊதி மறுபடி சேர்ந்துகொள்ளும். அப்படி ஊத இடம் வேண்டும். கெட்டியாக உறையும் பட்டியை அங்கே அடைத்துவிட்டால், ஊதும் பலகைக்குப் போக இடமில்லை. விளிம்பு நசுங்கும், ஆணியும் திருகும் இழுபடும், பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலா மரங்களான வங்குகள்கூட விரிசல் விடலாம். நசுங்கிய விளிம்பு அடுத்த முறை காயும்போது முன்னைவிட அதிகமாகச் சுருங்கும். ஒரு வருடத்துக் கசிவை நிறுத்தப் போய், ஒவ்வொரு வருடமும் கசிவை வளர்த்துவிடுவீர்கள்.

செய்ய வேண்டியது இது. கூடலுக்கு நான்கைந்து நாள் முன்பிருந்து, படகுக்குள் ஏராவை (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம்) ஒட்டிய அடிப்பலகைகள் மேல் நனைத்த சணல் சாக்குகளைப் பரப்புங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். வெளியே வெயில் படாமல் மூடுங்கள். சிலர் படகுக்குள் ஹோஸைப் போட்டு நேராகத் தண்ணீரை நிரப்பிவிடுவார்கள். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் ஆழம் என்றாலே 150 லிட்டர். அதாவது 150 கிலோ. படகு வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கக் கட்டப்பட்டது. டிரெய்லரில் நாலு உருளை மேல் நிற்கும்போது அந்த 150 கிலோவும் அந்த நாலு இடத்தில்தான் இறங்கும். பலகை உள்ளே அமுங்கிவிடும்.

முடிந்தால் இரண்டு மூன்று நாள் முன்பே ஏரியில் இறக்கி, ஆழமில்லாத கரையோரம் கட்டிவிடுங்கள். தரை தட்டும் அளவு ஆழம் என்றால் நிரம்பினாலும் மூழ்காது. பெரிய இடுக்குகளில் தேன்மெழுகையும் வாசலினையும் சேர்த்து உருக்கி ஆறவைத்த மெழுகைக் கட்டைவிரலால் அழுத்தலாம். பலகை ஊதும்போது அது பிதுங்கி வெளியே வந்துவிடும், எதையும் உடைக்காது. ஆனால் அடுத்த முறை பெயின்ட் அடிக்கும் முன் முழுக்கச் சுரண்டித் துடைக்க வேண்டும். மெழுகின் மேல் பெயின்ட் பிடிக்காது.

ஒன்றன் விளிம்பின் மேல் ஒன்று ஏறிச் செப்பு ஆணியால் இணைத்த பலகைப் படகு இதைவிடச் சீக்கிரம் அடங்கும். பெரும்பாலும் ஒரு பகல் ஓர் இரவு போதும். பிளைவுட்டும் எப்பாக்ஸியும் கொண்டு செய்த படகோ, மெல்லிய பட்டைகளை ஒட்டி மேலே ஃபைபர்கிளாஸ் போர்த்திய படகோ ஊறவைத்தால் அடங்காது. அதில் தண்ணீர் வந்தால் எங்கோ உடைந்திருக்கிறது என்று பொருள். ஊறவைத்தால் ஃபைபர்கிளாஸுக்கும் மரத்துக்கும் நடுவே ஈரம் புகுந்து, உள்ளுக்குள்ளேயே மரம் உளுத்துப்போகும்.

காய்ந்ததால் வரும் கசிவா, பழுதால் வரும் கசிவா என்று கண்டுபிடிக்க, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வாளி இறைக்கிறீர்கள் என்று எழுதிவையுங்கள். காய்ந்த கசிவு என்றால் எண்ணிக்கை மணிக்கு மணி குறையும். 24 மணி நேரத்துக்குப் பிறகும் அதே எண்ணிக்கை நின்றால் ஏரா ஓரம், பலகை முனைகள் அமரத்தில் சேரும் இடம், நடுப்பலகைப் பெட்டியின் (பாய்ப்படகில் நீருக்குள் இறக்கும் பலகை நிற்கும் கூடு) அடி ஆகிய மூன்றையும் பாருங்கள். உள்ளே நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைத் தூவினால், நீர் எங்கிருந்து புறப்படுகிறது என்று கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். அப்படிப்பட்ட படகைக் கூடலுக்குக் கொண்டுவாருங்கள், தாராளமாக. ஆனால் கரையில் நிறுத்துங்கள். அதைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம் இருக்கும்.

கேள்வி: காற்று எவ்வளவு இருந்தால் ரத்து செய்வது? கரையின் எந்தப் பக்கம் நல்லது?

பதில்: காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 3, அதாவது மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர், பாய்ப்படகுக்கு நல்ல காற்று, துடுப்புப் படகுக்கு வேலை வைக்கும் காற்று. அளவு 4, 20 முதல் 28 கிலோமீட்டர். ஏரி முழுக்க அலைத்தலை வெள்ளையாக உடைவது அடிக்கடி தெரியும். அந்த நிலையில் துடுப்புப் படகும் கனூவும் கரையில் இருக்கட்டும். அனுபவமுள்ளவர்கள் மட்டும் பாயைச் சுருக்கிக்கொண்டு போகலாம். அளவு 5 என்று முன்னறிவிப்பு சொன்னால் தேதியை மாற்றுங்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் பாயில் விழும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் "கொஞ்சம்தானே கூடியிருக்கிறது" என்ற கணிப்பு கவிழ்த்துவிடுகிறது. சராசரிக் காற்றை மட்டும் பார்க்காமல், முன்னறிவிப்பில் திடீரென்று வேகமெடுக்கும் வீச்சுக்காற்று எவ்வளவு என்றும் பாருங்கள்.

வெயில் நாட்களில் ஏரிக்காற்று பிற்பகலில் கூடுவது வழக்கம். துடுப்புப் படகுகளைக் காலையில் விடுவது அதற்காகத்தான்.

கரை விஷயத்தில் இரண்டு பக்கமும் குறை உண்டு. காற்று கரையை நோக்கி அடித்தால், நிறுத்தியிருக்கும் படகுகளை அலை தூக்கித் தூக்கி மணலில் போடும். அடிப்பலகைக்கு அதைவிடக் கெட்டது இல்லை. காற்று கரையிலிருந்து ஏரிக்குள் அடித்தால் கரையோரம் கண்ணாடி மாதிரி இருக்கும், புதியவர்கள் ஏமாந்து வெகுதூரம் போய்விடுவார்கள். திரும்பி வருவது எதிர்க்காற்றில். எங்கள் தேர்வு இரண்டாவதுதான், ஆனால் காவல் படகு இருந்தால் மட்டும். காற்று கரையோடு சாய்வாக வீசும் ஒரு வளைவு கிடைத்தால் அதை விடாதீர்கள்.

இடி கேட்டால் விவாதம் வேண்டாம். எல்லோரும் கரைக்கு வரவேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி நீரில் இறங்க வேண்டும். கரையேறியபின் தனி மரத்தடியில் நிற்காமல் வண்டிக்குள் உட்காருங்கள்.

கேள்வி: எங்கள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும். லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகவேண்டுமா?

பதில்: போட்டே ஆகவேண்டும். குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்தவே முடியாது. வாய் நீருக்கடியில் இருக்கும்போது மூச்சு இழுத்துவிட்டால் நீச்சல் தெரிந்து பயனில்லை. அதன்பின் கைகால் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிடம். நீந்தத் தெரிந்து, உதவி பக்கத்திலேயே இருக்கும் பெரியவர்களுக்கு 50 நியூட்டன் (ஜாக்கெட் தூக்கிப்பிடிக்கும் விசையின் அளவு) மிதவை போதும். குழந்தைகளுக்கும் நீந்தாதவர்களுக்கும் 100 நியூட்டனும் கழுத்துப் பட்டையும் உள்ளது வேண்டும். குழந்தைகளுக்குக் கால் இடுக்குப் பட்டையும் இருக்கட்டும், இல்லாவிட்டால் தூக்கும்போது ஜாக்கெட் மட்டும் கையோடு வந்துவிடும். குடித்தவருக்குப் படகு கிடையாது. இதில் விலக்கு இல்லை.

கேள்வி: படகை மாற்றி ஓட்டிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: இந்தக் கூடலே இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். ஓட்டத் தருபவர்கள் அணியத்தில் ஒரு பச்சைத் துணி கட்டட்டும். துணி இல்லாத படகைக் கேட்கக்கூடாது. இது கேட்பவருக்கும் மறுப்பவருக்கும் சங்கடம் தவிர்க்கும்.

ஏறுபவர் பாதத்தில் மணல் இருக்கக்கூடாது. வார்னிஷ் மேல் மணல் உப்புத்தாள்தான். கரையில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் வையுங்கள். ஏறும்போது விளிம்பில் மிதிக்காமல், குனிந்து, படகின் நடுக்கோட்டில் கால் வைக்க வேண்டும். வங்குகளுக்கு நடுவே வெறும் பலகையில் மிதித்தால் மெல்லிய பலகை விரிசல் விடும். கால் வைக்கவென்றே போட்டிருக்கும் தட்டிகள் மேல்தான் நிற்க வேண்டும். அணியம் மணலில் ஏறியும் அமரம் மிதந்தும் இருக்கும் நிலையில் யாரும் உள்ளே நடக்கக்கூடாது. இரண்டு முனையும் தாங்கி, நடுவில் எடை விழுந்தால் ஏரா வளையும். அந்த நிலையில் படகு ஆடவும் செய்யும். முழுக்க மிதக்கவிட்டுப் பிறகு ஏறுங்கள்.

ஒருவர் மட்டும் போனால் நடு இருக்கை. இருவர் என்றால், துடுப்பு போடுபவர் முன் இருக்கைக்கு மாறி, மற்றவர் பின்னால். நடு இருக்கையிலேயே இருந்துகொண்டு நண்பரைப் பின்னால் ஏற்றினால், அமரம் அமிழ்ந்து அணியம் வானத்தைப் பார்க்கும். காற்று அந்த உயர்ந்த மூக்கைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கும். "இந்தப் படகு நேராகப் போகவில்லை" என்ற புகாரில் பாதி இதனால் வருவது.

மீதிப் பாதி துடுப்பு நீளத்தால். படகு விளிம்பில் துடுப்பைத் தாங்கும் இரண்டு கவைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து, பாதியாக்கி, 5 சென்டிமீட்டர் கூட்டுங்கள். அதுதான் துடுப்பின் உட்பக்க நீளம், அதாவது கைப்பிடி முனையிலிருந்து கவை வரை. அதை 25-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் முழு நீளம். கவைகளுக்கு நடுவே 120 சென்டிமீட்டர் என்றால் உட்பக்கம் 65, முழு நீளம் சுமார் 232. கையில் கிடைத்த 180 சென்டிமீட்டர் துடுப்பைப் போட்டுக்கொண்டு படகைத் திட்டுபவர்கள் உண்டு. கூடலுக்கு இரண்டு மூன்று நீளத்தில் உபரித் துடுப்புகள் கொண்டுவாருங்கள். கவைகளுக்குக் கயிறு கட்டியிருக்கட்டும். நீரில் விழுந்த கவை திரும்பக் கிடைக்காது.

கேள்வி: யார் தண்ணீரில் இருக்கிறார், யார் கரையில் என்று எப்படித் தெரிந்துகொள்வது? படகு மாறிக்கொண்டே இருக்கிறதே.

பதில்: படகை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள். ஒரு பலகையில் இரண்டு பக்கம் ஆணி அடித்து, "கரை", "நீர்" என்று எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஒரு வில்லை. படகில் ஏறும் முன் அவரே தன் வில்லையை "நீர்" பக்கம் மாட்ட வேண்டும், இறங்கியதும் திருப்ப வேண்டும். பலகையின் பக்கத்தில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், மணிக்கொருவராக மாறலாம். குழந்தைகளுக்கும் தனி வில்லை.

கேள்வி: காவல் படகில் என்னென்ன வேண்டும்? கவிழ்ந்த மரப்படகை இழுத்து வருவது எப்படி?

பதில்: சிறிய மோட்டார், மிதக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு 20 மீட்டர், எறிகயிற்றுப் பை, இரண்டு வாளி, கத்தி, போர்வை, விசில், உள்ளே இரண்டு பேர். எஞ்சினை ஓட்டுபவரே நீரில் கிடப்பவரைத் தூக்கக்கூடாது. ஆளை நெருங்கியதும் எஞ்சினை நிறுத்த வேண்டும்.

ஆள் முதலில், படகு பிறகு. எல்லோரும் ஏறியபின் படகைப் பாருங்கள். நிரம்பிய நாலு மீட்டர் படகுக்குள் அரை டன்னுக்கு மேல் நீர் இருக்கலாம். அதை அப்படியே வேகமாக இழுத்தால் உள்நீர் பின்னால் பாய்ந்து பின்பலகையைத் தள்ளும், மேலே திருகியிருக்கும் கொக்கி பெயர்ந்து கையோடு வரும். முதலில் பாயை இறக்கி, நிமிர்த்தி, இறைத்துவிட்டு, பிறகு நடைவேகத்தில் இழுங்கள். கயிற்றை அணியத்தின் அடியில் இருக்கும் வளையத்தில் கட்டுங்கள். அது இல்லையென்றால் முன் குறுக்குப் பலகையைச் சுற்றிக் கட்டி, அணியத்தின் நடுவே வரும்படி விடுங்கள். மேல்விளிம்பில் கட்டினால் மூக்கு கீழே அமிழும்.

கேள்வி: போன முறை பக்கத்துப் படகு உரசி, என் படகின் பலகை விளிம்பெல்லாம் தேய்ந்துவிட்டது.

பதில்: பலகைகள் ஒன்றன் விளிம்பின் மேல் ஒன்று ஏறிய படகில் ஒவ்வொரு விளிம்பும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் உரசல் அங்கேதான் விழும். உருண்டையான ஃபெண்டரை (உரசலைத் தடுக்கத் தொங்கவிடும் மெத்தை) நட்டுக்குத்தாகத் தொங்கவிட்டால் படிகளுக்கு நடுவே சிக்கி நகரும். நீளமானதைப் படுக்கைவாட்டில், இரண்டு முனையிலும் கட்டி, படகின் மிக அகலமான இடத்தில் விடுங்கள். பிளாஸ்டிக் ஃபெண்டருக்குத் துணி உறை போடுங்கள்; மணல் ஒட்டிய பிளாஸ்டிக் பெயின்ட்டைச் சுரண்டும். இதைவிட நல்லது, படகுகளை ஒன்றோடொன்று கட்டாமல், அமரத்திலிருந்து ஏரிப்பக்கம் ஒரு சிறு நங்கூரமும் அணியத்திலிருந்து கரைக்கு ஒரு கயிறுமாகத் தனித்தனியே நிறுத்துவது. நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது இருக்கட்டும்.

கேள்வி: வீடு திரும்பும் முன் செய்ய வேண்டியவை?

பதில்: பாசி, நீர்த்தாவரம், சிப்பி எதுவும் ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போகக்கூடாது. டிரெய்லரின் அச்சு, உருளை, நங்கூரக் கயிறு எல்லாவற்றையும் கையால் தடவிப் பாருங்கள். சிறு சிப்பிக் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது, கைக்குச் சொரசொரப்பாகத் தெரியும். தக்கையைப் பிடுங்கி அடிநீரை ஏரிக்கரையிலேயே, ஏரிக்குள் திரும்ப ஓடாத இடத்தில், முழுக்க வடியவிடுங்கள். வேறு ஏரிக்குப் போவதற்கு முன் குறைந்தது ஐந்து நாள் காயவைப்பது பாதுகாப்பு. மரப்படகில் வங்குகளின் அடியிலும் தட்டிகளின் கீழும் ஈரம் தங்கும் என்பதால் தட்டிகளைக் கழற்றித் தனியாக வையுங்கள்.

வீட்டில், தார்ப்பாயை ஈரப் படகின் மேல் இறுக்கிக் கட்டாதீர்கள். நன்னீர் தேங்கிய மரம்தான் சீக்கிரம் உளுக்கும். அணியத்தைச் சற்று உயர்த்தி, தக்கையைத் திறந்தே விட்டு, மூடியின் இரு முனையிலும் காற்றுப் போக வழி வையுங்கள். நேர்வெயிலும் வேண்டாம்; ஒரே நாளில் காய்ந்தால் பலகை முனைகள் வெடிக்கும். கலப்பத்துப் படகு என்றால் உள்ளே ஈரத்துணி நிரப்பிய வாளி ஒன்றை மூடிக்குக் கீழே வைத்தால், முற்றிலும் வறண்டு இடுக்கு விரியாமல் அடுத்த கூடல் வரை ஓரளவு தாங்கும். வாளியைப் பத்து நாளுக்கொரு முறை பாருங்கள். துணி பூஞ்சணம் பிடித்திருந்தால் படகுக்குள் காற்றோட்டம் போதவில்லை, மூடியைத் தளர்த்துங்கள்.